பரண்மேல் மூட்டையாகக் கிடக்கும் ஆதார் நகல்கள்: மலையில் எந்த வழி நல்லது?

சீசனுக்கு முன்னால், மார்ச் வாக்கில், ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கக் காட்டேஜ்களில் வெள்ளையடிப்பார்கள். மெத்தையும் கம்பளியும் வெயிலுக்கு வரும். கூடவே பரண்மேல் கிடந்த சாக்கு மூட்டைகளும் இறங்கும். பிரித்தால் நாலைந்து வருடத்து விருந்தினர்களின் ஆதார் ஜெராக்ஸ், ஓட்டுநர் உரிம நகல், பழைய பில் புத்தகங்கள், வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்புக் நகல். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ் என்றால் எந்த விவசாயி எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற பட்டியல். கிளினிக் என்றால் நோயாளிகளின் சீட்டுகள்.

இதை ஒழிக்க மலையில் நமக்கு இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். எடைக்குப் போடலாம், எரிக்கலாம், ஊறவைத்துக் கூழாக்கலாம், ஷ்ரெடர் என்ற தாள் வெட்டும் மெஷினை வாங்கி வெட்டலாம், வெட்டித்தரும் நிறுவனத்தை வரவழைக்கலாம், கீழே காகித ஆலைக்கு அனுப்பலாம். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாரும் துண்டின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில் அதைவிட இரண்டு கேள்விகள் முக்கியம்: அழியும்வரை அந்தத் தாள் எத்தனை நாள் காத்துக் கிடக்கிறது? அதற்குள் எத்தனை கை மாறுகிறது? பூட்டில்லாத பரணில் நாலு வருடம் கிடந்த மூட்டையைக் கடைசி நாளில் மாவாக அரைத்தாலும், அந்த நாலு வருடம் அது யார் கைக்கும் எட்டுகிற இடத்தில்தானே இருந்தது. ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் பிரித்து வையுங்கள்

எல்லாவற்றையும் அழித்துவிட முடியாது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்த இடம் என்றால் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு. உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்குச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு. வழக்கோ மேல்முறையீடோ நடக்கிறது என்றால் அது தொடர்பான எதையும் தொடக்கூடாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, எந்த வருடம் வரை அழிக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆதார் நகல் இந்தக் கணக்கில் வராது. தங்கியவர் பெயர், முகவரி, வந்த தேதி, போன தேதி எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. நகலை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாள் முடிந்ததும் ஒழிப்பதுதான் முறை. பில்லும் ஆதாரும் ஒரே கவரில் கிடப்பதால் இரண்டுமே எட்டு வருடம் தங்கிவிடுகின்றன. தனித்தனியாகப் போட்டு வைத்தாலே பரண் பாதி காலியாகிவிடும்.

எடைக்குப் போடுவது

இதுதான் எல்லோரும் செய்வது. பழைய பேப்பர்காரர் வருவார், தராசில் வைப்பார், காசு கொடுத்து எடுத்துப் போவார். அவர் மேல் தப்பே இல்லை; அவர் வாங்குவது வெறும் காகிதம். ஆனால் அந்தக் காகிதம் அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்குப் போகிறது, அங்கிருந்து ஆலைக்கோ பொட்டலக் கடைக்கோ போகிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை பல வருடமாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதனால் இங்கே காகிதத்துக்கு எப்போதும் தேவை உண்டு. அச்சடித்த தாளில் தின்பண்டம் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லியும், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் ஏ4 தாள் வேர்க்கடலைப் பொட்டலத்துக்கு வாகாக இருக்கிறது. அந்த வெள்ளைப் பக்கத்தின் பின்னால் ஒரு குடும்பத்துப் பெண்ணின் படமும் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் இருக்கலாம். நம்மை நம்பி ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போன தாள் அது.

எண்ணை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. ஆதாரில் இருக்கும் கியூஆர் கட்டத்துக்குள் பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஜெராக்ஸ் தெளிவாக இருந்தால் போனில் படித்துவிடலாம். இரண்டு கேள்விகளிலும் தோற்கும் வழி இது. செய்தித்தாள், வாரப் பத்திரிகை, பெயரில்லாத காகிதம் ஆகியவற்றுக்கு மட்டும் சரி.

எரிப்பது

குளிர் ஊரில் எரிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். பழைய பங்களாக்களில் கணப்படுப்பு இருக்கிறது, தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகு எரியும் சூளை இருக்கிறது. அங்கே பத்திருபது தாளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டு, சாம்பலைக் கிளறிவிட்டால் வேலை முடிந்தது. கை மாறவே இல்லை. மூட்டை என்றால் கதை வேறு. கட்டாகப் போட்ட காகிதத்தின் ஓரம் மட்டும் கருகும், நடுவில் காற்றுப் போகாமல் எழுத்து அப்படியே நிற்கும். நம் ஊர் ஈரத்தில் இருந்த காகிதம் இன்னும் மோசம், புகையத்தான் செய்யும். பாதி எரிந்த தாள்கள் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழும். தொழிற்சாலைச் சூளை என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: நம் மூட்டையைச் சூளைக்காரர் எப்போது போடுவார், அதுவரை அது எங்கே கிடக்கும்?

வெளியில் குவித்து எரிப்பதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குப்பையை இப்படி எரிக்கச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பனியில் புல் கருகிக் கிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் நாம் பரணைச் சுத்தம் செய்கிறோம். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய காட்டுத்தீ நாள்கணக்கில் எரிந்து, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. காகித மூட்டைக்காக ஒரு சோலையைப் பணயம் வைக்கக்கூடாது.

ஊறவைத்துக் கூழாக்குவது

யாரும் பெரிதாகச் சொல்லாத, ஆனால் சின்ன அளவுக்கு அருமையான வழி. பழைய டிரம்மில் தாள்களைக் கிழித்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கட்டையால் குத்தினால் கூழாகிவிடும். ஜெராக்ஸ் மை தண்ணீரில் கரையாது என்பதை மறக்க வேண்டாம். சும்மா நனைத்துப் பிழிந்தால் எழுத்து அப்படியே இருக்கும், நார் பிரியும்வரை குத்த வேண்டும். பளபளப்பான பூச்சுத் தாள், லேமினேட் செய்த அட்டை இதில் கரையாது. கார்டு மெஷினிலிருந்து வரும் வழவழப்பான வெப்பக் காகிதச் சீட்டுகளில் ரசாயனப் பூச்சு இருப்பதால் அந்தக் கூழை உரக்குழியில் போடக்கூடாது. ஐந்து கிலோ வரை இது சரி. அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது, ஊறிய டிரம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஷ்ரெடர் வாங்குவது

இங்கேதான் நிறையப் பேர் தப்பான மெஷினை வாங்கிவிடுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துண்டின் அளவுக்கு டின் 66399 என்று ஒரு ஜெர்மன் தரம் இருக்கிறது. காகிதத்துக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு நிலைகள். விலை குறைந்த மெஷின்கள் தாளை நீளவாக்கில் நாடாவாக வெட்டும். 6 மில்லிமீட்டர் அகல நாடா என்றால் பி-2. ஓர் ஏ4 தாள் 35 நாடாவாகும், அவ்வளவுதான். குறுக்கும் நெடுக்கும் வெட்டும் மெஷின்களில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்குள் இருந்தால் பி-4. அதே தாள் 400 துண்டுக்குப் பக்கத்தில் வரும். இன்னும் பொடியாக, 30 சதுர மில்லிமீட்டருக்குள் வெட்டுவது பி-5. 2,000 துண்டு தாண்டும்.

நாடா வெட்டு ஏன் ஆகாது? 1979-இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கே நாடாவாக வெட்டிப் போட்டிருந்த ரகசியத் தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒட்டிப் படித்துவிட்டார்கள். நம் காட்டேஜ் குப்பையை அப்படி யார் உட்கார்ந்து ஒட்டப்போகிறார்கள் என்று தோன்றும். ஒட்டவே வேண்டாம் என்பதுதான் சிக்கல். தாளை அகலவாக்கில் திருப்பி விட்டால் பிளேடு வரிகளுக்கு இணையாக ஓடும். 6 மில்லிமீட்டர் நாடாவுக்குள் ஒரு முழு வரி அடங்கிவிடும். 12 இலக்க ஆதார் எண் ஒரே நாடாவில் முழுசாகக் கிடக்கும். ஆகவே பி-4-க்குக் கீழே வாங்க வேண்டாம். பி-5 நல்லதுதான், ஆனால் மெதுவாக ஓடும், ஈரத் தாளுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காட்டேஜுக்கும் சின்ன ஆபீசுக்கும் பி-4 தாராளம்.

அடுத்தது, அந்த மெஷினால் பரணைக் காலி செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம் எடை. 100 கிலோ மூட்டையில் சுமார் 21,000 தாள் இருக்கும். ஒரு தடவைக்கு 8 தாள் விழுங்கும் மெஷினில் 2,600 தடவைக்கு மேல் ஊட்ட வேண்டும். தடவைக்கு 8 விநாடி என்று வைத்தால் மெஷின் ஓட்டம் மட்டும் ஆறு மணி நேரம். வீட்டு உபயோக மெஷின்கள் சில நிமிடம் ஓடினால் சூடேறி நின்றுவிடும். நான்கு நிமிட ஓட்டத்துக்கு அரை மணி நேர ஓய்வு என்றால் மொத்தம் 50 மணி நேரம் வருகிறது. தாளில் குத்திய ஸ்டேப்பிள் பின்னை எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மழையில் தாள் ஈரம் குடித்து வளைந்திருக்கும்போது 8 தாள் என்று பெட்டியில் போட்டிருப்பது 5 தாளாகிவிடும்.

அன்றாடத்துக்கு வைத்தால் இதே மெஷின் பொன்னானது. ஆறு அறை காட்டேஜில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தாள் சேரும். ஒரு நிமிட வேலை. தாள் ரிசப்ஷனை விட்டு வெளியே போவதே இல்லை. காத்திருப்பு இல்லை, கை மாற்றமும் இல்லை. மாதம் ஒருமுறை பிளேடுக்கு எண்ணெய் விடுங்கள், ஈர மாதங்களில் மெஷினை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெட்டிய தூளைச் சாக்லேட் டப்பாவிலோ நீலகிரித் தைலப் பெட்டியிலோ இடைவெளி நிரப்ப யாராவது கேட்பார்கள். பில் தாளின் தூள் என்றால் பரவாயில்லை, ஆதாரும் மருத்துவச் சீட்டும் கலந்த தூளை அப்படிக் கொடுக்க வேண்டாம்.

வெட்டித்தரும் நிறுவனமும் காகித ஆலையும்

பழைய மூட்டைக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பெருநகரங்களில் ஆவணங்களை வெட்டித்தருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கி, காப்பீட்டு நிறுவனம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அவர்களிடம்தான் போகின்றன. பூட்டிய பெட்டியில் எடுத்துப் போவார்கள் அல்லது வெட்டும் வண்டியையே வாசலுக்குக் கொண்டுவருவார்கள். அழித்ததற்குச் சான்றிதழும் தருவார்கள். இரண்டில் எது என்பதை முதலிலேயே கேளுங்கள். வாசலில் வெட்டினால் உங்கள் கண்முன்னே முடிகிறது. எடுத்துப் போய் வெட்டுவது என்றால் அவர்கள் கிடங்கில் எத்தனை நாள் இருக்கும், எந்த அளவில் வெட்டுவார்கள், சான்றிதழில் எடையும் தேதியும் வெட்டின் நிலையும் எழுதியிருக்குமா என்று கேட்க வேண்டும். வெறும் ‘அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிய காகிதத்தால் பயனில்லை. மலைக்கு இதில் இருக்கும் குறை தூரமும் அளவும்தான். நாலு மூட்டைக்காகக் கோவையிலிருந்து கொண்டை ஊசி வளைவு ஏறி வரச் சொன்னால் வண்டி வாடகையே பெரிய தொகையாகிவிடும். எஸ்டேட் உள்சாலைகளில் பெரிய வண்டி திரும்பவும் முடியாது. எனக்குத் தெரிந்து இது பொருந்துவது பெரிய ஆஸ்பத்திரி, உறைவிடப் பள்ளி, வங்கிக் கிளை போன்ற இடங்களுக்கு. அங்கே சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும்.

ஆலை வழி இப்படி. கோவை, உடுமலை, ஈரோடு வட்டாரத்தில் பழைய காகிதத்தைக் கூழாக்கும் ஆலைகள் இருக்கின்றன. கூழ்த்தொட்டிக்குள் போன தாளை உலகத்தில் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பி-7 அளவில் வெட்டியதைவிட உறுதியான அழிவு அது. காசும் கொஞ்சம் வரும், மரமும் மிஞ்சும். முழுத் தாளாகக் கொடுத்தால் நல்ல விலை. வெட்டிய தூளில் நார் குட்டையாகிவிடுவதால் விலை குறையும். ஈரத் தாளுக்கு எடையில் கழிப்பார்கள் என்பதால், வெயில் இருக்கும் மாதத்தில் அனுப்புவது லாபம்.

ஆனால் ஆலை வழி முழுக்க நடைமுறையைப் பொறுத்தது. இடைத்தரகரிடம் மூட்டையைக் கொடுத்து ‘ஆலைக்குத்தான் போகும்’ என்ற வார்த்தையை நம்பினால் அது எடைக்குப் போட்டதுதான், வேறொன்றும் இல்லை. செய்ய வேண்டியது இது: ஆலையோடு நேரடியாகப் பேசித் தேதி வாங்குங்கள். கிளிப், பிளாஸ்டிக் கவர், ஸ்பைரல் எல்லாம் எடுத்துவிட்டுச் சாக்கைத் தைத்து, எண்ணிட்டு, எடை எழுதுங்கள். கிளம்பும்போது ஓர் எடை, ஆலையின் எடைமேடையில் ஓர் எடை. உங்கள் ஆள் ஒருவர் வண்டியிலேயே போக வேண்டும், சாக்குகள் தொட்டிக்குள் விழுவதைப் பார்த்துவிட்டு எடைச் சீட்டோடு திரும்ப வேண்டும். சின்னச் சரக்குக்காக ஆலை தனியாக மெனக்கெடாது. அதனால் ஒரே சாலையில் இருக்கும் பத்துக் காட்டேஜ், ஒரு தொழிற்சாலை, ஒரு பள்ளி சேர்ந்து வருடத்துக்கு ஒரு பிக்கப் லோடு என்று வைத்துக்கொள்வது நல்லது. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாக மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி கிடைத்தால் வாடகை பாதியாகும். கொடைக்கானல்காரர்கள் பழனி வழியாக இறங்கினாலும் வத்தலக்குண்டு வழியாக இறங்கினாலும் இதே முறைதான்.

போனிலும் பெட்டியிலும் இருப்பது

காகிதம் இவ்வளவு என்றால், அதைவிட அதிகம் இப்போது வாட்ஸப்பில் இருக்கிறது. முன்பதிவு செய்பவர் ஆதாரைப் படமாக அனுப்புகிறார். மேலாளர் அதை முதலாளி, கேர்டேக்கர் எல்லாரும் இருக்கும் குழுவில் போடுகிறார். ஒரே படம் நாலு போனில் இறங்கி, தானாகவே கூகுள் போட்டோஸில் ஏறுகிறது. பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால் அந்தக் கணினியின் டவுன்லோட் பகுதியிலும் ஒன்று. கை மாறும் எண்ணிக்கையில் பழைய பேப்பர்காரரையே மிஞ்சிவிட்டோம்.

காகிதம் மட்டும் இருக்கும்வரை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடாது. டிஜிட்டல் வடிவில் வந்ததும் தொடும். தேவை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகின்றன. பழக்கத்தை மாற்ற இப்போதே தொடங்குவது நல்லது.

படங்களுக்கு எளிய வழி, தனி போன், தனி எண், கேலரியில் தானாகச் சேமிப்பதை நிறுத்தி வைப்பது, வாட்ஸப்பில் செய்தி தானாக மறையும் வசதியை 7 நாளுக்கு வைப்பது. ஏற்கெனவே கூகுள் போட்டோஸில் ஏறியவற்றை நீக்கினால் மட்டும் போதாது, குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும். அதையும் காலி செய்ய வேண்டும்.

பழைய போனை விற்பதற்கு முன், கடந்த சில ஆண்டுகளில் வந்த போன் என்றால் ஃபேக்டரி ரீசெட் போதும். உள்ளே இருப்பது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியாக்கத்தில் இருக்கிறது, ரீசெட் அந்தச் சாவியை அழித்துவிடுகிறது. மெமரி கார்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. கணினியில் பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் சாதாரண ஃபார்மட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும். முழு வட்டையும் ஒருமுறை மேலெழுத வேண்டும், ஒருமுறை போதும். புதுவகைச் சேமிப்பான எஸ்எஸ்டி-யில் மேலெழுதுவது முழுதாகப் போய்ச் சேராது. அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது வாங்கிய அன்றே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்டு வையுங்கள்.

இதில் யாரும் நினைக்காத இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று சிசிடிவி காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டி: புதியது வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறோம், விருந்தினர் வந்துபோன காட்சிகளோடு. இன்னொன்று பெரிய ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்: பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கலாம். இரண்டிலும் வட்டைக் கழற்றி, டிரில்லில் மூன்று நான்கு இடத்தில் ஓட்டை போட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது?

காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு என் தேர்வு தெளிவானது: பி-4 ஷ்ரெடர் ஒன்று ரிசப்ஷனில், பழைய மூட்டைக்கு ஒரே ஒரு ஆலைப் பயணம். அதோடு, விருந்தினரிடம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குறைவாக வாங்கினால் குறைவாக அழித்தால் போதும்.

தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் தாள் அதிகம், ஆனால் பெரும்பகுதி சட்டப்படி வைக்க வேண்டியது. அங்கே ஷ்ரெடர் இரண்டாம்பட்சம். பூட்டக்கூடிய ஒரு அறையும், மூட்டைமேல் ‘அழிக்க வேண்டிய வருடம்’ எழுதும் பழக்கமும், வருடாந்திர ஆலைப் பயணமும் போதும். பக்கத்துக் காட்டேஜ்களையும் அதில் சேர்த்துக்கொள்ள இவர்களால்தான் முடியும், வண்டியும் ஆளும் இவர்களிடம்தான் இருக்கிறது.

கிளினிக்குகளுக்கு நான் பி-5 சொல்வேன். ஒருவரின் நோய் வெளியே தெரிவது ஆதார் எண் தெரிவதைவிட வலிக்கும், அதுவும் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊரில். கூடவே எக்ஸ்ரே பிலிம். இந்துநகரில் பிலிம் தொழிற்சாலை ஓடிய ஊட்டியில் வளர்ந்தவர்களுக்கு பிலிமில் வெள்ளி இருப்பது தெரிந்திருக்கும். அந்த வெள்ளிக்காகப் பழைய எக்ஸ்ரேயை எடைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விற்பதில் தவறில்லை. கொடுப்பதற்கு முன் ஓரத்தில் நோயாளியின் பெயரும் வயதும் தேதியும் பதிந்திருக்கும் பட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிவிடுங்கள். ஷ்ரெடரில் பிலிமை விட வேண்டாம், காகிதத்துக்கென்று செய்த பிளேடு வீணாகிவிடும்.